மண்ணுக்குள் கிடந்த வெள்ளி: ஒரு ரோமானியக் காசுப் புதையலை எப்படிப் படிப்பது?

1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்ற சின்ன ஊரில், ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடந்துகொண்டிருந்தார். அந்த நிலத்தில் பயிர் செய்த விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்திருந்தார். அதைத் தேடித்தரத்தான் ஓய்வுபெற்ற தோட்டக்காரரான இந்த நண்பரைக் கூப்பிட்டிருந்தார். கருவி ஓரிடத்தில் பலமாகச் சத்தம் போட்டது. தோண்டினால் வெள்ளிக்காசு, அதற்குக் கீழே இன்னும் வெள்ளிக்காசு, கரண்டிகள், தங்கச் சங்கிலி. கைக்கு வந்ததைக் கொஞ்சம் எடுத்த பிறகு அந்த மனிதர் தோண்டுவதை நிறுத்தினார். தகவல் சொல்லப்பட்டது, மறுநாளே மாவட்டத் தொல்லியல் குழு வந்து அந்தக் குழியை முறையாக அகழ்ந்தது.

ஹாக்ஸன் புதையல் என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்திருப்பது இதுதான். 569 தங்கக்காசுகள், 14,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள், 24 வெண்கலக்காசுகள், இவற்றோடு சுமார் 200 நகைகளும் வெள்ளிச் சாமான்களும். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்து வெள்ளிக்காசு இவ்வளவு பெரிய அளவில் ஒரே குழியில் கிடைப்பது அபூர்வம். அந்த மனிதர் தோண்டுவதை நிறுத்தினார் என்று மேலே சொன்னேனே, இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு செயலால்தான் நமக்குத் தெரியவந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதையல் என்றதும் நமக்குப் பூதம் காத்த குடமும் மந்திரவாதியும் நினைவுக்கு வருவார்கள். தொல்லியல்காரர்களுக்கு அதன் அர்த்தம் எளிமையானது: யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்த்து ஓரிடத்தில் வைத்த பொருட்கள். காசாக இருக்கலாம், நகையாக இருக்கலாம், உடைந்த வெள்ளித் தட்டாகக்கூட இருக்கலாம். இதைத் தற்செயலாகத் தொலைந்த காசிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தையில் கைதவறி விழுந்த காசு, கிணற்றடியில் மடியிலிருந்து நழுவிய காசு என்று மண்ணில் ஒற்றை ஒற்றையாகக் கிடைப்பவை வேறு சாதி. அவை பெரும்பாலும் செம்பும் வெண்கலமுமான சில்லறைகள். தங்கக்காசு விழுந்தால் யாரும் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் அல்லவா? தேடி எடுத்துவிடுவார்கள். அதனால் தொலைந்த காசுகள் அன்றாடப் புழக்கத்தைக் காட்டுகின்றன, புதைத்த காசுகள் மக்கள் எதைப் பெறுமதியானது என்று நினைத்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. சேமிப்பவர் நல்ல காசாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பார், தேய்ந்ததைச் செலவழித்துவிடுவார். ஆகவே ஒரு புதையலைப் பார்த்து அன்றைக்கு ஊரில் எல்லார் கையிலும் இப்படித்தான் காசு புழங்கியது என்று முடிவுகட்டக் கூடாது. புதிதாக இதைப் படிக்க வருபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது என்பேன்.

அந்த வெள்ளிக்காசு எப்படிப்பட்டது?

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் ரோமப் பணத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய நூற்றாண்டின் அவலம் கொஞ்சம் தெரிய வேண்டும். 3-ஆம் நூற்றாண்டில் போர், உள்நாட்டுச் சண்டை, படைக்குச் சம்பளம் என்று செலவு ஏற ஏற, பேரரசர்கள் வெள்ளிக்காசில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள். 260-களின் இறுதியில் ‘வெள்ளி’க்காசில் வெள்ளி என்பது பெயருக்குத்தான் இருந்தது, நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. பணத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதற்கு அப்புறம் வந்த கான்ஸ்டன்டைன் ஒரு நல்ல தங்கக்காசைக் கொண்டுவந்தார். அது சாலிடஸ், சுமார் 4.5 கிராம், ஒரு ரோமப் பவுண்டு தங்கத்துக்கு 72 காசு என்ற கணக்கு. இந்தத் தங்கக்காசு பல நூற்றாண்டுகள் தரம் குறையாமல் நின்றது. அதற்குத் துணையாக மறுபடியும் உண்மையான வெள்ளிக்காசும் அடிக்கத் தொடங்கினார்கள். அதில் நமக்கு முக்கியமானது இன்று நாணயவியலில் சிலிக்குவா என்று அழைக்கப்படும் சிறிய, மெல்லிய காசு. முதலில் 3 கிராமுக்குச் சற்று மேலே இருந்தது, 350-களின் பிற்பகுதியில் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் காலத்தில் சுமார் 2 கிராமாகக் குறைந்தது. எடை குறைந்தாலும் வெள்ளியின் தரம் குறையவில்லை. இதைவிடக் கனமான மிலியரென்சி என்ற வெள்ளிக்காசும் உண்டு. ஆனால் அது அரிது, ஹாக்ஸனிலேயே 60 தான்.

ஒரு சிலிக்குவாவைக் கையில் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பேரரசரின் தலை, வலப்பக்கம் பார்த்தபடி, முத்துக் கோத்த பட்டையைத் தலையில் கட்டியிருப்பார். தலையைச் சுற்றி வட்டமாக எழுத்து: ‘நம் தலைவர்’ என்பதன் சுருக்கம், பேரரசரின் பெயர், ‘பக்தியும் பாக்கியமும் உடைய அகஸ்டஸ்’ என்பதன் சுருக்கம். மறுபக்கத்தில் பெரும்பாலும் ரோம் நகரத்தின் பெண்தெய்வம் உட்கார்ந்திருப்பாள், கையில் வெற்றித் தேவதையின் சிறு உருவமும் ஈட்டியும். அல்லது ஒரு மாலைக்குள் வேண்டுதல் வாசகம் இருக்கும். பத்தாண்டு ஆட்சிக்கு நேர்ந்துகொண்டது, இருபதாண்டுக்கு நேர்ந்துகொள்வது என்று. ஜூலியன் என்ற பேரரசரின் காசுகளில் இந்த இருபதாண்டு வேண்டுதலைப் பார்க்கலாம். அவர் தனிப் பேரரசராக இருந்ததோ 361 முதல் 363 வரைதான், பாரசீகப் படையெடுப்பில் காயம்பட்டு இறந்துபோனார்.

காசின் அடிப்பகுதியில் சின்னதாகச் சில எழுத்துகள் இருக்கும். புதியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். டி.ஆர்.பி.எஸ். என்றிருந்தால் முதல் இரண்டு எழுத்தும் டிரியர் நகரத்து நாணயச்சாலை, கடைசி இரண்டும் ‘சுத்திகரித்த வெள்ளி’ என்பதற்கான முத்திரை. அதேபோல் லியோன், மிலான், அக்விலேயா, ஆர்ல், ரோம் என்று ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் ஒரு குறி. முந்தைய நூற்றாண்டில் ஏமாந்துபோன மக்களிடம் ‘இது நல்ல வெள்ளி’ என்று அரசு காசிலேயே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதுதான் அந்த இரண்டு எழுத்தின் பின்னணி. ஆக, இரண்டு கிராம் வெள்ளித் துண்டில் யார் ஆட்சி, எந்த ஊரில் அடித்தது, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று மூன்றுமே இருக்கிறது. உடைந்த பானை ஓடுகளை வைத்துக் காலம் கணிக்கும் ஆய்வாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் ஏன் இவ்வளவு?

இந்தக் காலத்து வெள்ளிக்காசுப் புதையல்கள் பேரரசின் மற்ற பகுதிகளைவிடப் பிரிட்டனில் மிக அதிகம். 1887-இல் சோமர்செட்டின் ஈஸ்ட் ஹார்ப்ட்ரீயில் கடும் வறட்சியின்போது ஊற்று தேடித் தோண்டியவருக்கு ஒரு ஈயக்கலவைப் பாத்திரத்தில் ஏறத்தாழ 1,500 வெள்ளிக்காசும் சில வெள்ளிக்கட்டிகளும் ஒரு மோதிரமும் கிடைத்தன. வில்ட்ஷயரின் பிஷப்ஸ் கேனிங்ஸில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பேரரசின் எல்லைக்கு வெளியே, அயர்லாந்தின் கோல்ரெய்ன் அருகேயும் ஸ்காட்லாந்தின் டிராப்ரெய்ன் லா குன்றிலும்கூட இந்தக் காசுகள் வெட்டிய வெள்ளித் துண்டுகளோடு சேர்ந்து கிடைத்திருக்கின்றன.

இந்த வெள்ளி அங்கே போய்ச் சேர்ந்த வழி முக்கியமாகப் படையும் அரசு அலுவலும். புதிய பேரரசர் பட்டமேற்றால் ஒவ்வொரு படைவீரனுக்கும் ஐந்து தங்கக்காசும் ஒரு பவுண்டு வெள்ளியும் அன்பளிப்பாகக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். 360-இல் ஜூலியனைப் படை பேரரசராக அறிவித்தபோது அவர் வாக்களித்ததும் இதையேதான். ரோமப் பவுண்டு என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 320 கிராம். 2 கிராம் காசாக எண்ணினால் ஒரு வீரனுக்கு 160 காசுக்குப் பக்கத்தில் வரும். ஆயிரக்கணக்கான வீரர்கள் இருக்கும் மாகாணத்தில் இப்படிக் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் வெள்ளி கடைக்காரன் கைக்கும் நிலக்கிழார் பெட்டிக்கும் போய், அங்கிருந்து வரியாக அரசுக்கே ஒரு பகுதி திரும்பிப் போகும். பிரிட்டனில் பெரும்பாலும் சொந்த நாணயச்சாலை கிடையாது. கடல் கடந்து வருவதுதான் காசு.

சரி, படை போய்விட்டால்? 401, 402 வாக்கில் தளபதி ஸ்டிலிக்கோ இத்தாலியைக் காக்கப் பிரிட்டனிலிருந்து ஒரு பகுதிப் படையை எடுத்துக்கொண்டார். 407-இல் பிரிட்டனில் மிச்சமிருந்த படை மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்பவரைத் தாங்களாகவே பேரரசராக்கியது, அவர் அந்தப் படையோடு கடல் தாண்டி, இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய ‘கால்’ என்ற ரோம நாட்டுக்குப் போனார், அது திரும்பி வரவே இல்லை. 409-இல் பிரிட்டன் மக்கள் ரோம அதிகாரிகளை வெளியேற்றினார்கள். 402-ஐ ஒட்டியே புதிய காசின் வரத்து வற்றத் தொடங்கிவிட்டது, அதற்குப் பின் வந்தவை சொற்பம். ஹாக்ஸனில் மிகப் பிந்தைய காசுகள் இந்த மூன்றாம் கான்ஸ்டன்டைன் 407, 408-இல் அடித்த ஒருசில சிலிக்குவாக்கள்தான்.

விளிம்பைப் பாருங்கள்

இப்போது என்னைப் பொறுத்தவரை இந்தப் புதையலின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். ஹாக்ஸனின் வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை முழுசாக இல்லை. யாரோ கத்தரியால் விளிம்பைச் சுற்றி வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் எழுத்தின் தலை மட்டும் போயிருக்கிறது, சிலவற்றில் எழுத்தே காணோம், முகத்தை ஒட்டி வெட்டு வந்து நிற்கிறது. 2 கிராம் காசு ஒரு கிராமுக்கும் கீழே போன உதாரணங்கள் உண்டு. இப்படிச் சுரண்டிய வெள்ளி வெட்டியவருக்கு லாபம்.

ரோமச் சட்டத்தில் இது தலை போகிற குற்றம். தங்கக்காசின் விளிம்பை வெட்டியவனுக்கு மரண தண்டனை என்று கான்ஸ்டன்டைன் காலத்திலேயே சட்டம் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு மாகாணம் முழுக்க, ஒளிவுமறைவில்லாமல், புழக்கத்தில் இருந்த வெள்ளிக்காசெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது என்றால் அந்தச் சட்டத்தை நடத்திவைக்க அங்கே ஆள் இல்லை என்று பொருள். வெட்டிய காசு என்று வாங்க மறுக்கும் வரி அதிகாரி இல்லை. ‘ரோம ஆட்சி 410-இல் முடிந்தது’ என்று பாடநூலில் ஒற்றை வரியில் வருவது, இங்கே 14,000 காசின் விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் வெட்டியவர்கள் பேரரசரின் முகத்தை மட்டும் அநேகமாக எப்போதும் விட்டுவிட்டார்கள். கத்தரி அந்த முகத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. வெறும் எடைக்காகத்தான் காசு செல்லுபடியானது என்றால் முகத்தை மிச்சம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, பாதியாக வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆகவே அந்த முகம் இருக்கும் வரை அது ‘ஒரு காசு’ என்று ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். எடை குறைந்தாலும் எண்ணிக்கைக்குச் செல்லும். அரசு போய்விட்டது, அரசர் முகத்தின் மேலிருந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை. பணம் என்பது அடிப்படையில் என்ன என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

வெட்டிய வெள்ளி எங்கே போனது? ஒரு பகுதி உள்ளூரிலேயே புதுக்காசாக அடிக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹாக்ஸனிலேயே அசலைப் பார்த்து அடித்த நகல் காசுகள் இருக்கின்றன, எழுத்து தாறுமாறாக, முகம் கொஞ்சம் கோணலாக. இவற்றை வெறும் மோசடிக் கள்ளக்காசு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. வெளியிலிருந்து காசு வருவது நின்றுபோன ஊரில், இருக்கும் வெள்ளியை வைத்து இன்னும் கொஞ்சம் காசு உண்டாக்கி வியாபாரத்தை ஓட்டப் பார்த்திருக்கிறார்கள் என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எப்போது புதைத்தார்கள்?

இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. குழியில் உள்ள மிகப் புதிய காசு எந்த ஆண்டுடையதோ, அதற்கு முன்னால் அந்தப் புதையல் புதைக்கப்பட்டிருக்க முடியாது. 408-இல் அடித்த காசு உள்ளே இருந்தால் 405-இல் புதைத்திருக்க வாய்ப்பில்லை. அவ்வளவுதான் விதி. இது ஒரு பக்கத்து எல்லையை மட்டும்தான் தருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 408 காசு உள்ள பெட்டியை 409-இலும் புதைக்கலாம், 440-இலும் புதைக்கலாம்.

வழக்கமான காலமாக இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதில்லை. வருடா வருடம் புதிய காசு வந்துகொண்டே இருக்கும், 440-இல் புதைத்த பெட்டியில் 430-களின் காசு நாலைந்தாவது இருக்கும். பிரிட்டனில்தான் காசு வரத்தே நின்றுபோனதே! அதனால் கடைசிக் காசு என்பது கடிகாரம் நின்ற நேரம் மாதிரி, அதற்கு மேல் எத்தனை ஆண்டு ஓடியது என்று அது சொல்லாது. அங்கேதான் விளிம்பு வெட்டு உதவுகிறது. புதையலுக்குப் புதையல் எத்தனை காசு வெட்டுப்பட்டிருக்கிறது, எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள்.

இந்த விதியை இன்னொரு பக்கமிருந்தும் சோதிக்க 1997-இல் மேற்கு சசெக்ஸின் பேட்சிங்கில் கிடைத்த சிறு புதையல் உதவியது. அதில் பழைய சிலிக்குவாக்களோடு, வெட்டிய வெள்ளித் துண்டுகளோடு, 460-களைச் சேர்ந்த தங்கக்காசுகளும் இருந்தன. ‘கால்’ நாட்டில் விசிகாத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆட்சியில் அடித்தவை அவற்றில் உண்டு. அந்தத் தங்கக்காசுகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் மிச்சத்தைப் பார்த்து யாராக இருந்தாலும் 410 வாக்கில் புதைத்தது என்றுதான் எழுதியிருப்பார்கள். பழைய ரோம வெள்ளி, வெள்ளியாகவோ காசாகவோ, இரண்டு மூன்று தலைமுறை கையில் இருந்திருக்கிறது என்பதற்கு அது கண்முன் நிற்கும் சாட்சி.

ஏன் புதைத்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை?

‘காட்டுமிராண்டிகள் வந்தார்கள், பயந்து புதைத்துவிட்டு ஓடினார்கள்’ என்ற கதையை நிறைய இடங்களில் படிக்கலாம். நடந்திருக்கலாம். ஆனால் வங்கி இல்லாத காலத்தில் மண்தான் பெட்டகம். அமைதியான நாளிலும் தினந்தினம் ஆட்கள் புதைத்தார்கள், தேவைப்பட்டபோது எடுத்தார்கள். எடுத்தவை எதுவும் நம் கைக்கு வராது. நமக்குக் கிடைப்பது எல்லாமே எடுக்கப்படாமல் போனவை. அப்படியானால் ஒரு காலத்தில் புதையல்கள் அதிகம் கிடைக்கின்றன என்றால், அக்காலத்தில் புதைத்தவர்கள் அதிகம் என்பதைவிடத் திரும்பி வர முடியாமல் போனவர்கள் அதிகம் என்று சொல்வதே சரி. செத்திருக்கலாம், ஊரைவிட்டுப் போயிருக்கலாம், இடத்தைத் தெரிந்தவர் ஒருவராக இருந்து அவர் சொல்லாமலே போயிருக்கலாம். சில இடங்களில் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் புதைத்ததும் உண்டு, அதை எடுக்கும் எண்ணமே இருந்திருக்காது.

புதைத்ததைத் திரும்ப எடுப்பதும் நாம் நினைப்பதுபோல் லேசான வேலை இல்லை. 1667-இல் டச்சுக் கப்பற்படை தேம்ஸ் ஆற்றுப் பக்கம் வந்தபோது, லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பெப்பிஸ் தன் தங்கத்தை பிராம்ப்டன் ஊரில் குடும்ப வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவைக்கச் சொல்லி மனைவியையும் தந்தையையும் அனுப்பினார். சில மாதம் கழித்து அக்டோபரில் போய்த் தோண்டினால் எந்த இடம் என்பதிலேயே குழப்பம், பை இற்றுப்போய்க் காசு மண்ணோடு கலந்துவிட்டது. இரவோடு இரவாக மண்ணை வாளியில் அள்ளி அலசி அலசி எடுத்தும் முழுத்தொகை வரவில்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாலு மாதத்துக்கு இந்தப் பாடு.

குழிக்குள் இருந்த பெட்டி

முதலில் சொன்ன அந்த ‘நிறுத்தினார்’ விஷயத்துக்கு இப்போது வரலாம். அந்தக் காலத்தில் கிடைத்த பல புதையல்களை ஆட்கள் வாரி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காசு காசாகத் தெரியும், வேறெதுவும் தெரியாது. ஹாக்ஸனில் தொல்லியல் குழு காசுக் குவியல்களை மண்ணோடு கட்டியாகவே பெயர்த்து பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அங்கே பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது, மரம் மக்கிப்போயிருந்தாலும் ஆணி, கீல், எலும்பு அலங்காரத் தகடு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்ததை வைத்து ஒரு ஓக் மரப் பெட்டியின் அளவையே மீட்டார்கள்: நீளம் சுமார் 60 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 30. அதற்குள் சின்னப் பெட்டிகள், அவற்றுக்குக் குட்டி வெள்ளிப் பூட்டுகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்களுக்கு நடுவே உரசாமல் இருக்க வைக்கோல் வைத்திருந்தார்கள், அதன் மிச்சம்கூட இருந்தது.

வைக்கோல் வைத்து அடுக்கியவர் அலறியடித்துக்கொண்டு ஓடியவர் இல்லை. நேரம் எடுத்து, ஒழுங்காக, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு வைத்திருக்கிறார். சாக்கில் வாரியிருந்தால் இந்த ஒரு செய்தி நிரந்தரமாகப் போயிருக்கும்.

இன்னொன்று, பெட்டியில் என்ன இல்லை என்பது. 78 கரண்டியும் 20 அகப்பையும் இருக்கின்றன, ஆனால் அவ்வளவு பணக்கார வீட்டில் இருந்தே தீர வேண்டிய பெரிய வெள்ளித் தாம்பாளங்களோ குடங்களோ இல்லை. ஒரு பெண்புலி வடிவக் கைப்பிடி இருக்கிறது, அது பொருத்தியிருந்த பாத்திரம் இல்லை. ஆக, குடும்பத்தின் சொத்தில் இது ஒரு பகுதிதான், மிச்சம் வேறெங்கோ போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். தங்க வளையல் ஒன்றில் ‘ஜூலியானா அம்மையே, இதை மகிழ்ச்சியோடு அணிந்துகொள்’ என்ற கருத்தில் லத்தீன் வாசகம் துளைவேலையாக இருக்கிறது. பத்துக் கரண்டிகளில் அவ்ரேலியஸ் உர்சிகினஸ் என்ற பெயர். இவர்கள்தான் உரிமையாளர்களா என்பதை உறுதிசெய்ய வழியில்லை, ஏனென்றால் வெள்ளிச் சாமான் பரிசாகவும் விலைக்கும் கைமாறிக்கொண்டே இருப்பது. இருந்தாலும் 1,600 ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் பெயரை அவள் வளையலிலேயே படிக்க முடிகிறது, எனக்கு அந்தத் தங்கத்தைவிட அது பெரிதாகத் தெரிகிறது.

நம் பக்கத்தோடு இந்தப் பெட்டிக்கு ஒரு நேரான தொடர்பும் உண்டு. அதில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், கீழே சுழலும் தட்டு. ஒரு நிலையில் மூடிக்கொள்ளும், ஒரு நிலையில் நிரப்பத் திறக்கும், இன்னொரு நிலையில் பொடியைத் தூவ ஓட்டை தெரியும். அந்த மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில். யவனர் கலத்தில் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, பெயர்ந்ததைச் சங்கப் புலவர்கள் பாடிய காலம் இதற்குச் சில நூற்றாண்டு முந்தியது, ஆனால் செங்கடல் வழியான மிளகு வணிகம் அப்போதும் நின்றுவிடவில்லை. 408-இல், அதாவது ஹாக்ஸனின் கடைசிக் காசு அடித்த அதே சமயத்தில், ரோம் நகரை முற்றுகையிட்ட விசிகாத்து அரசன் அலாரிக் கேட்ட ஈட்டுப்பொருளில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. சேர நாட்டுக் கொடியில் காய்த்தது சஃபோக்கில் ஒரு சாப்பாட்டு மேசை வரை போயிருக்கிறது. அதே நேரம், கரூர், மதுரைப் பக்கமும் இலங்கையிலும் கிடைக்கும் இந்தப் பிந்தைய காலத்து ரோமக்காசுகளில் பெரும்பாலானவை சின்னச் செப்புக்காசுகள்தான், சிலிக்குவா போன்ற வெள்ளி இல்லை.

கிடைத்தவருக்கு என்ன?

1993-இல் நடந்த விசாரணையில் ஹாக்ஸன் புதையல் அரசுக்குரியது என்று முடிவானது. அதன் மதிப்பாக 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி தரப்பட்டது, கண்டெடுத்தவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அப்போது இருந்த பழைய சட்டப்படி, புதைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தாரா என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்தவரின் எண்ணத்தை நிரூபிப்பது! 1996-இல் வந்த புதையல் சட்டம் இந்தத் தொல்லையை நீக்கி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளா, தங்கமோ வெள்ளியோ பத்தில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று அளக்கக்கூடிய விதிகளைக் கொண்டுவந்தது. தெரிந்த 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு நியாயமான வெகுமதி கிடைக்கிறது என்பதால் ஆட்கள் சொல்கிறார்கள், நல்ல சட்டம் என்று இதைத்தான் சொல்வேன். ஒளித்து விற்கப்பட்ட காசு எந்தக் குழியில் எதனோடு இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய வெள்ளிக்காசு எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், வளைத்துப் பார்க்காதீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், லேசாக அழுத்தினாலே இரண்டாக ஒடியும். மேலே ஒட்டியிருக்கும் அழுக்கில் துணி இழையோ வைக்கோலோ இருக்கலாம், அதுவும் சான்றுதான்.

ஹாக்ஸன் பொருட்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமானிய பிரிட்டன் பகுதியில் காட்சிக்கு இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைப் பதிவுசெய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் படத்தோடு இலவசமாக இருக்கின்றன. சிலிக்குவா என்று தேடி ஒரு இருபது காசு பாருங்கள். முதலில் விளிம்பு எங்கே முடிகிறது, எழுத்து எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், அப்புறம் அடியில் நாணயச்சாலைக் குறி. மேக்னஸ் மேக்சிமஸ் (383–388), ஹொனோரியஸ், அர்காடியஸ் என்று பேரரசர்களின் பெயர் பழகிவிட்டால், எழுத்து பாதி வெட்டுப்பட்ட காசிலும் மிச்சமிருக்கும் நாலு எழுத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.